செம்பாவின் வாலைத் தின்றது யார்?

போன மார்கழியில் ஒரு விடியற்காலை, லத்தி அள்ளப் போன என் மனைவி கொட்டிலிலிருந்தே சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். எங்கள் குதிரை செம்பாவின் வாலைப் பார்க்கச் சொன்னாள். முந்தின வாரம் வரைக்கும் தரையைத் தொட ஒரு சாண்தான் பாக்கி என்கிற அளவுக்கு நீண்டிருந்த வால், பின்னங்கால் மூட்டுக்கு மேலே மட்டமாக நின்றது. கத்தரியால் வெட்டினது மாதிரி இல்லை. நுனியெல்லாம் பிசிறு பிசிறாக, சில இழை நீளம், சில இழை குட்டை. யாரோ ராத்திரி வந்து வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தோம். யானை முடிக்கு அலைகிற மாதிரி குதிரை மயிருக்கும் எவனாவது அலைவான் என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணன் சொன்னார், நானும் நம்பினேன்.

அன்று சாயங்காலம் எங்கள் குதிரைக்குட்டி துடியின் லத்தியை அள்ளும்போதுதான் விஷயம் தெரிந்தது. உருண்டைகள் ஒன்றோடொன்று கோத்த மாதிரி தொங்கின. குச்சியால் விலக்கிப் பார்த்தால் உள்ளே செம்பட்டை மயிர்.

வீட்டில் நாலு குதிரை. முத்து, 9 வயது கத்தியவார் இனப் பெட்டை, கூட்டத்துக்குப் பெரியவள். செம்பா, சாது, யார் என்ன செய்தாலும் பொறுத்துக்கொள்ளும் ரகம். ஒரு காலத்தில் வண்டி இழுத்து இப்போது ஓய்வில் இருக்கும் மட்டக்குதிரை அப்பு. அப்புறம் துடி. அந்த ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் 5 மாதக் குட்டியாக வாங்கி வந்தோம். சந்தையில் எல்லாரும் சுழி பார்த்தார்கள், நானும் பார்த்தேன். தாயிடமிருந்து எப்போது பிரித்தார்கள், அதுவரை என்ன தின்றது என்று கேட்டிருக்க வேண்டும். தாய்க்குதிரையே பால் மறக்கடிக்கட்டும் என்று விட்டால் 9, 10 மாதம் ஆகும். இவனை நாங்கள் வாங்கும் முன்பே பிரித்திருந்தார்கள்.

வால் போனால் என்ன, அழகுதானே போச்சு என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அதைக் கேட்கவே ஆகவில்லை. ஈக்காலத்தில் குதிரைக்கு வால்தான் கை. செம்பா அந்த மாதம் முழுக்க நின்ற இடத்தில் காலை உதறிக்கொண்டே நின்றாள், தொடையில் ஈ கடித்து ரத்தப் பொட்டு, பகலில் கண்மூடித் தூங்கக்கூட விடவில்லை அந்த ஈக்கள். தின்றவனுக்கும் ஆபத்துதான். மயிர் செரிக்காது. குடலில் சுருண்டு கட்டியாகி அடைத்தால் சூலை என்கிற கடும் வயிற்றுவலி வரும், குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. அதனால் இதை வெறும் குறும்பு என்று விட மனம் வரவில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வால் மயிர் குறைந்தால் எல்லாம் கடித்ததால்தான் என்று முடிவு கட்ட வேண்டாம், எங்கே குறைகிறது என்று பாருங்கள். இன்னொரு குதிரை தின்றால் நுனிதான் போகும், அதுவும் தின்கிற குதிரையின் வாய் எட்டுகிற உயரத்தில் மட்டமாக நிற்கும். வாலின் அடிப்பக்கம், எலும்பு இருக்கிற மேல்பாகத்தில் மயிர் உடைந்து தோல் தடித்திருந்தால் அது தானே சுவரிலோ தூணிலோ தேய்த்துக்கொண்டது. ஆசனவாய்ப் புழு, பேன், கொசுமாதிரிக் குட்டிப் பூச்சிகளின் கடியால் வரும் அரிப்பு என்று அதற்குக் காரணம் வேறு. மூன்றாவது ஒன்று நம் ஊரில் அடிக்கடி நடக்கக்கூடியது. சுபாபுல் தழை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஒடித்துப் போடுகிறோமே என்று குதிரைக்கும் போடுவார்கள். அதில் மைமோசின் என்று ஒரு பொருள் இருக்கிறது. குதிரை அதைத் தொடர்ந்து தின்றால் பிடரியும் வாலும் கொத்துக் கொத்தாகக் கையோடு வந்துவிடும். எங்கள் வேலியில் இரண்டு சுபாபுல் மரம் நிற்கிறது, அதனால் அதையும் சந்தேகப்பட்டேன். செம்பாவின் மயிரை இழுத்துப் பார்த்தேன், வேர் உறுதியாக இருந்தது. நுனி மட்டும்தான் போயிருந்தது. அப்படியென்றால் துடிதான்.

முதலில் நான் செய்தது எல்லாரும் செய்வதுதான். வேப்பெண்ணெயும் சோற்றுக்கற்றாழையின் மஞ்சள் பாலும் கலந்து செம்பாவின் வாலில் தடவினேன். மிளகாய்த்தூள் கலக்கச் சொன்னார்கள், அதை மட்டும் செய்யவில்லை. வாலை வீசும்போது அவள் பின்புறத் தோலில் பட்டால் எரிச்சல் தாங்க மாட்டாள். வேப்பெண்ணெய் வேலை செய்தது. துடி ஒருமுறை வாயை வைத்துவிட்டு உதட்டை மேலே சுருட்டிக்கொண்டு ஓடினான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு நாள் கழித்து வாசம் போனதும் மறுபடி வந்தான். மறுபடி தடவினேன். அடுத்த வாரம் அப்புவின் பிடரியில் கைவைத்தான். அப்புவுக்கும் தடவினேன். அப்புறம் கொட்டிலின் பூவரசங்கட்டை, முத்துவும் கூடச் சேர்ந்துகொண்டாள், காலையில் பார்த்தால் கட்டையில் எலி அரித்த மாதிரி பல்வரிசை. தரையில் மரச்சிராய். இப்படியே தை போய் மாசி வந்துவிட்டது.

கட்டைக்குக் கழிவு ஆயில் பூசச் சொல்லி இரண்டு பேர் யோசனை சொன்னார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வண்டி எஞ்சினிலிருந்து வடித்த எண்ணெயில் உலோகக் கழிவெல்லாம் கிடக்கும், கடிப்பதை நிறுத்தாத குதிரை அதையும் சேர்த்துத்தான் விழுங்கும்.

என் கண்ணைத் திறந்தது அந்தியூர்ப் பக்கம் ஒரு பெரியவர். அறுபது வருடமாகக் குதிரையோடு இருப்பவர். போனில் முழுக்கதையும் சொன்னேன். அவர் வாலைப் பற்றிக் கேட்கவே இல்லை. "ராத்திரி எத்தனை மணிக்குத் தீனி தீருதுங்க தம்பி?" என்றார். எனக்குத் தெரியவில்லை. ஆறு மணிக்குப் போடுகிறேன், காலையில் தொட்டி காலியாக இருக்கும், அவ்வளவுதான் தெரியும். "ஒரு நா ராத்திரி அங்கயே படுத்துப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

படுத்தேன். கயிற்றுக்கட்டிலைக் கொட்டிலுக்கு எதிரே போட்டு, விளக்கை அணைத்துவிட்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு. ஆறேகாலுக்கு நாலும் தின்ன ஆரம்பித்தன. அந்தச் சத்தம் கேட்டவர்களுக்குத் தெரியும், கரகரவென்று ஒரே தாளத்தில், கேட்டுக்கொண்டே இருக்கலாம். எட்டு மணிக்குத் துடியின் தொட்டி காலி. எட்டேகாலுக்கு முத்து தன்னுடையதை முடித்துவிட்டு, கயிறு எட்டுகிற அளவு கழுத்தை நீட்டி அப்புவின் தொட்டியில் மிச்சமிருந்ததையும் இழுத்துக்கொண்டாள். எட்டரைக்குச் சத்தம் நின்றது. ஒன்பது மணி, பத்து மணி, ஒன்றுமில்லை. துடி காலியான தொட்டியை நக்கினான், தரையில் மூக்கை வைத்து ஊதி ஊதித் தேடினான், ஒற்றைப் புல் கிடைத்தால் மென்றான். பதினொன்றுக்கு மேல் பக்கத்தில் கட்டியிருந்த செம்பாவின் வாலுக்கு மூக்கு போனது. கடிக்கவில்லை முதலில், மேலுதட்டால் தடவித் தடவி நாலைந்து இழையைப் பிரித்தெடுத்தான், பக்கவாட்டில் வாய்க்குள் தள்ளினான், கடைவாயில் வைத்து அரைத்தான். அதே கரகர தாளம். செம்பா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். விலகப் பார்த்தாள். கயிறு விடவில்லை. அப்படியே நின்றுவிட்டாள்.

நான் எழுந்து போய் கயிற்றை அவிழ்த்தேன். அந்த நேரத்தில் எனக்கு அவன்மேல் கோபமே வரவில்லை. இரண்டு மாதமாக நான் வாலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எட்டரையிலிருந்து காலை ஆறு வரை ஒன்பதரை மணி நேரம். மேய்ச்சலில் விட்ட குதிரை ஒரு நாளில் 16 மணி நேரம் வரை வாயை அசைத்துக்கொண்டே இருக்கும், கொஞ்சம் தின்னும், நாலடி நடக்கும், மறுபடி தின்னும். அதன் இரைப்பை அதற்காகவே அமைந்தது. நமக்குச் சாப்பாட்டு நேரத்துக்கு அமிலம் கூடுதலாகச் சுரக்கும் என்றால், குதிரைக்கு இருபத்துநாலு மணி நேரமும் சுரந்துகொண்டே இருக்கும். அந்த அமிலத்தைத் தணிக்கிறது உமிழ்நீர், உமிழ்நீரோ மென்றால்தான் ஊறும். மெல்ல ஒன்றும் இல்லாமல் நாலைந்து மணி நேரத்துக்கு மேல் போனால் வயிறு எரியும், புண்ணும் வரலாம். அப்படி நிற்கிற குதிரை வாய்க்கு ஏதாவது தேடத்தான் செய்யும்.

ஆனால் நான் குறைவாகவா போட்டேன்? ஒவ்வொன்றுக்கும் காலையில் 8 கிலோ, மாலையில் 8 கிலோ கம்பு நேப்பியர் பச்சைப்புல், மெஷினில் பொடியாக நறுக்கி. பார்க்க மலை மாதிரி இருக்கும். மறுநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பச்சைப்புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். 16 கிலோவில் உலர்ந்த தீனி என்று பார்த்தால் 3 கிலோ சொச்சம்தான் தேறும். செம்பா 300 கிலோ இருப்பாள், உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கு உலர்தீனி என்கிற பொதுக்கணக்குப்படி அவளுக்கு 6 கிலோ வேண்டும், அதில் பெரும்பகுதி நாராகவே இருக்க வேண்டும். பாதிதான் போயிருக்கிறது! மீதியை ஊறவைத்த கொள்ளிலும் கோதுமைத் தவிட்டிலும் ஈடுகட்டிக்கொண்டிருந்தேன். வயிற்றுக்குச் சத்து போய்விட்டது, ஆனால் வாய்க்கு வேலை போகவில்லை. ஒரு கிலோ உலர்புல்லை மென்று தீர்க்கச் சுமார் 40 நிமிடம் ஆகும், ஒரு கிலோ தானியம் 10 நிமிடத்தில் போய்விடும். நறுக்கிப் போட்டது இன்னும் சீக்கிரம் போகும்.

அதனால் முதலில் மாற்றியது தீனியைத்தான். நறுக்குவதை நிறுத்தினேன். நேப்பியரைப் பாதியாகக் குறைத்து, காயவைத்த அருகம்புல்லும் நிலக்கடலைக் கொடியும் சேர்த்தேன். ஒரேநாளில் மாற்றவில்லை, பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக, குடல் பழகாமல் திடீரென்று மாற்றினால் அதுவே சூலையைக் கொண்டுவரும். கடலைக்கொடியை ஒவ்வொரு கட்டாக உதறிப் பார்த்துத்தான் போடுவேன், பூஞ்சணம் பிடித்திருந்தால் குப்பைக்குத்தான். சோளத்தட்டு மலிவாகக் கிடைத்தது, நான் எடுக்கவில்லை. பச்சைச் சோளம் குதிரைக்கு ஆகாது, மூத்திரப்பையைக் கெடுத்துப் பின்னங்காலைத் தள்ளாட வைக்கும். வாங்குகிற தட்டு எவ்வளவு காய்ந்தது என்று பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனசில்லை.

தினமும் போடுகிற காய்ந்த தீனியில் பெரிய பங்கு ராத்திரிக்கு. லாரி பாரத்துக்கு மேல் கட்டுகிற தடித்த நைலான் வலையை வெட்டிப் பை மாதிரி தைத்தோம், கண்ணி இரண்டு விரல் அளவு. அதற்குள் புல்லை அடைத்துத் தொங்கவிட்டால் குதிரை உதட்டால் இழுத்து இழுத்துத்தான் தின்ன முடியும், இரண்டு மணி நேரத்தில் தீர்ந்தது ஐந்து மணி நேரம் வரும். ஒரு எச்சரிக்கை, பை காலியாகித் தொங்கும்போது அதன் அடி குதிரையின் நெஞ்சு உயரத்துக்குக் கீழே வரக்கூடாது. தாழ்வாகக் கட்டினால் குளம்பு சிக்கும். மெல்லிய மீன்வலை வேண்டவே வேண்டாம், பல்லிடுக்கை அறுத்துவிடும்.

பை எத்தனை? குதிரை நாலு, பை ஐந்து. இதை யாரும் சொல்லித் தரவில்லை, முத்துவைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். கூட்டத்தில் பெரியவள் எந்தப் பைக்குப் போகிறாளோ அங்கிருக்கிறது விலகும், விலகினது அடுத்ததை விரட்டும், கடைசியில் துடிக்கு இடமில்லாமல் போகும். ஒன்று கூடுதலாக இருந்தால் விரட்டப்பட்டவனுக்குப் போக ஒரு இடம் இருக்கும். பைக்குப் பை பதினைந்து அடி இடைவெளி விட்டோம்.

கட்டி வைப்பதையும் விட்டேன். நம் பக்கத்தில் மாட்டைக் கட்டுகிற மாதிரியே குதிரையையும் வரிசையாகத் தறியில் கட்டுவோம். சிலர் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் தனித்தனிக் கயிறு. அன்று ராத்திரி செம்பா திரும்பிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றதை நான் மறக்கவில்லை. அவிழ்த்து விட்டிருந்தால் நாலடி நகர்ந்திருப்பாள், ரொம்பப் போனால் ஒரு உதை விட்டிருப்பாள், துடிக்கும் புரிந்திருக்கும். கொட்டிலுக்கு முன்னால் ஐம்பதடிக்கு எண்பதடி இடத்தைக் கம்பு நட்டு அடைத்து ராத்திரி நாலையும் அவிழ்த்தே விடுகிறோம். வேலியோரம் இருந்த அரளியை அப்போதே வேரோடு பிடுங்கினேன். வாய்க்கு வேலை தேடுகிற குதிரைக்கு எட்டுகிற தூரத்தில் அரளி இருக்கவே கூடாது, கொஞ்சம் இலையே உயிரை எடுத்துவிடும்.

உப்பும் ஒரு காரணம். குதிரை வியர்வையில் உப்பு நம் வியர்வையை விட நிறையப் போகும், காய்ந்த வியர்வை படிந்த மயிர் உப்புக்கரிக்கும், உப்புக்கு ஏங்குகிற குதிரைக்கு அதுவே ருசி. இந்துப்புக் கட்டி தொங்கவிட்டிருந்தேன், போதாது. மாட்டு நாக்கு மாதிரி குதிரை நாக்கு சொரசொரப்பு இல்லை, கட்டியை நக்கி வேண்டிய அளவு எடுக்க அதால் முடியாது. இப்போது பெரிய குதிரைக்குத் தினம் 30 கிராம் கல்லுப்பைப் பொடித்துக் கொள்ளில் கலக்கிறேன், வெயில் நாளில் இன்னும் கொஞ்சம். தண்ணீர்த்தொட்டி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும், உப்பை மட்டும் கொடுத்துவிட்டுத் தண்ணீரை மறந்தால் கெடுதல்தான்.

தவிட்டைக் கால்நடை மருத்துவர் நிறுத்தச் சொன்னார். நேப்பியரில் ஆக்சலேட் அதிகம், அது சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், அதுவும் அதே வேலையைச் செய்யும். இரண்டும் சேர்ந்தால் எலும்பிலிருந்தே சுண்ணாம்பு கரையும், முற்றினால் முகம் வீங்கும். சத்துக் குறைந்த குதிரை மண்ணையும் மரத்தையும் கடிக்கத் தொடங்குவது உண்டு. தவிட்டுக்குப் பதில் குதிரை மசால். பேரிலேயே குதிரை இருக்கிற தீவனத்தை விட்டுவிட்டுத் தவிடு போட்டுக்கொண்டிருந்தேன்! அப்படியே இன்னொன்றும் சொன்னார், கடையில் வாங்கும் மாட்டுத் தீவனத்தையோ கோழித் தீவனத்தையோ என்ன கலந்திருக்கிறது என்று பார்க்காமல் குதிரைக்குப் போடக்கூடாது, சிலவற்றில் மொனென்சின் என்கிற மருந்து இருக்கும், மாட்டுக்கு நல்லது செய்கிற அது குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

இரண்டு குதிரை எதிரெதிரே நின்று ஒன்றின் பிடரி அடியை மற்றது பல்லால் சொரிந்துகொடுக்கும், பார்த்திருப்பீர்கள். அதைப் பிரித்துவிடாதீர்கள், அது கடி இல்லை, நட்பு. பயந்துபோய் நான் முதல் மாதம் அதையும் விரட்டினேன், பாவம். இன்னொரு பக்கம், மேல்பல்லைக் கட்டையில் ஊன்றி, கழுத்தை வளைத்துப் பின்னுக்கு இழுத்து ஒரு உறுமலோடு காற்றை இழுக்கிற பழக்கம் சில குதிரைக்கு உண்டு. அது மரம் தின்பது இல்லை, வேறு. முற்றிப்போனால் தீனியை மாற்றியும் முழுதாகப் போகாது. அதற்குக் கழுத்தில் பட்டை இறுக்குவது எனக்குப் பிடிக்கவில்லை, அந்தக் குதிரைக்கு இருக்கிற ஒரே ஆறுதலை எடுத்துவிட்டு உள்ளே இருக்கிற காரணத்தை அப்படியே விடுகிற வேலை அது. ஒன்றைப் பார்த்து மற்றதும் பழகிவிடும் என்று அந்தக் குதிரையைத் தனியே ஒதுக்குவார்கள். பார்த்துப் பழகும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ஒரே கொட்டிலில் ஒரே பட்டினி கிடந்தால் எல்லாம்தான் கடிக்கும்.

செலவு மாதத்துக்கு 3,000 ரூபாய் கூடியிருக்கிறது. கொள்ளும் தவிடும் குறைந்ததில் கொஞ்சம் திரும்பி வந்தது. துடி உடனே நிறுத்திவிடவில்லை. முதல் பத்து நாள் அடிக்கடி வாலுக்கு வந்தான், பழக்கமாகிவிட்டது அவனுக்கு. அதுவரை செம்பாவின் வாலைப் பின்னி, பழைய காடாத்துணிப் பையில் போட்டு, வால் எலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே தளர்வாகக் கட்டி வைத்தேன், தினம் ஒருமுறை அவிழ்த்துப் பார்த்தேன். வேப்பெண்ணெயும் தடவினேன். இந்த முறை அது பலித்தது, ஏனென்றால் வாலை விட்டுவிட்டுப் போக அவனுக்குப் பக்கத்திலேயே புல் இருந்தது. பங்குனி பாதியில் அவன் வாலுக்குப் போவதே நின்றது. பூவரசங்கட்டையை மட்டும் மழைநாளில் இன்னும் ஒரு கை பார்க்கிறான், ஈரமும் குளிருமாக இருந்தால் குதிரைக்கு மரம் கடிக்கிற ஆசை கூடும், அந்த நாட்களில் புல்லை இன்னும் ஒரு பை கூட்டிவிடுகிறேன், அறுவடை முடிந்த முருங்கைக் கிளையையும் உள்ளே போட்டு வைக்கிறேன். இரண்டரை வயதில் பால்பல் விழ ஆரம்பிக்கும்போது ஈறு ஊறி மறுபடி எதையாவது கடிப்பான், அதற்கும் இப்போதே கிளை சேர்க்கிறேன்.

இது கார்த்திகை. வால் மயிர் மாதத்துக்கு 2 சென்டிமீட்டர் வளரும், அவ்வளவுதான், அவசரப்படுத்த வழி இல்லை. நேற்று அளந்தேன். என் கைக்கு ஏறக்குறைய ஒரு சாண் வளர்ந்திருக்கிறது, பின்னங்கால் மூட்டைத் தாண்டிவிட்டது. நுனி இன்னும் மட்டமாகத்தான் இருக்கிறது. வெயிலில் நின்று தொடையில் உட்கார்ந்த ஈயை வீசி அடித்தாள். பட்டது.